இரண்டு கரைக்கும் ஒரே சொல்

5 ஆகஸ்ட் 1982, வியாழக்கிழமை

நான் செய்த ஒரு சிறிய தவறு இன்று வெளியே வந்தது. 'சிறிய' என்பதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன். சிறியதுதான். தசரதன் அண்ணன் தறியில் எழுத்துக் கரை சரியாக விழுகிறதா என்று பார்த்து வர என்னைத்தான் அனுப்பினார்கள். வலது கரையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இடது கரையைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் தறி சுவரை ஒட்டிக் கிடக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் தறிக்கு அடியில் குனிந்து போக வேண்டும். அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று அந்தப் புடவை மெட்ராஸிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

முதலாளி வேணுகோபால் வீட்டுக் கூடத்தில் பாய் மேல் விரித்துப் போட்டிருந்தார்கள். மாம்பழ நிறப் பட்டு, அரக்குக் கரை. கரையில் ஜரிகையால் எல், ஓ, வி, ஈ. கடை வாசலில் தொங்கும் பலகையில் எழுதுவது போல எழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். நாலு எழுத்து முடிந்ததும் ஒரு வரிசை மொட்டு, மறுபடி நாலு எழுத்து. மெட்ராஸ் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஆவணிக் கல்யாணங்களுக்காக மூன்று புடவை இப்படிக் கேட்டிருந்தார். இது முதல் புடவை. மற்ற இரண்டுக்கும் உரிய பாவு, அதாவது நீளவாட்டு இழை, தறியிலேயே இருக்கிறது.

"இன்னான்னு படிப்ப இத? படி, கேக்கலாம்," என்றார் முதலாளி.

"லவ்வுங்க மொதலாளி."

"இந்தப் பக்கம்?"

இடது கரையைக் காட்டினார். எல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஈயும் அப்படியே. ஓவும் வியும் மட்டும் ஒழுங்காக இருந்தன.

"கடைக்காரன் போன்ல சிரிக்கிறான்யா. ஒரு பக்கம் லவ்வு, இன்னொரு பக்கம் கோச்சிகினு திரும்பி நிக்குதுன்றான்."

நான் வேலை செய்வது பொன்னுசாமி அண்ணன் கடையில். புடவை மாதிரியைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவோம். அட்டைகளை மாலை மாதிரிக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டை இருக்கும் இடத்தில் இழை எழும்பும். எழுத்து என்றதும் அண்ணன் என்னிடம் கொடுத்தார். சாயங்காலம் நான் ஆங்கிலம் படிக்கிறேன் என்பதால் கொடுத்தார். பரீட்சையில் ஆங்கிலத்தில் தவறிவிட்டதால்தான் படிக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது.

பெட்டியில் ஒரே கொக்கிதான் இரண்டு கரையையும் தூக்குகிறது. வலது கரையின் ஓர இழையும் இடது கரையின் ஓர இழையும் ஒரே நேரத்தில் எழும்பும். அதனால் வலது கரையில் என்ன இருக்கிறதோ அது இடது கரையில் கண்ணாடியில் தெரிவது போல வரும். மயிலுக்கு அது நல்லது. இரண்டு கரையிலிருந்தும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும். மாங்காய்க்கும் அன்னத்துக்கும் நல்லது. எழுத்துக்கு ஆகாது. அட்டை குத்தும் எனக்கு இது தெரியாதா? தெரியும். எழுத்து என்றதும் ஆங்கிலத்தைத்தான் நினைத்தேன், கரையை நினைக்கவில்லை.

"எத்தினியோ வருஷமா குத்தறேன், எந்த மயிலும் மூஞ்ச திருப்பிகினதில்ல," என்றார் பொன்னுசாமி அண்ணன், புடவையைப் பார்த்தபடி. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கொக்கிகளைக் கயிற்றால் கட்டியிருக்கும் முறையை மாற்ற வேண்டுமென்றால் பாவை அறுத்து எல்லாக் கயிற்றையும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். அதற்குள் ஆவணி முடிந்துவிடும். முதலாளி சொன்னார்:

"பாவை அறுக்கறதுன்னா மறுபடி அங்கயே எதுக்குக் கட்டணும்? சந்தவாசல்ல ஒருத்தன் தறி கேட்டு நடையா நடந்துகினு இருக்கான். பிரிச்சி அவன்கிட்ட குடுத்துடறேன்."

தறி முதலாளியுடையது. தசரதன் அண்ணன் வீட்டில் அது இருக்கிறது, அவ்வளவுதான். அண்ணன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எழுத்துப் படிக்கத் தெரியாத மனிதர்; நான் கொடுத்த அட்டையை மாட்டி நெய்தார்.

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியற எழுத்து இருக்குதுங்க மொதலாளி. ஓ மாதிரி, வி மாதிரி. அந்த எழுத்தா மட்டும் வர்ற ஒரு வார்த்தைய கண்டுபுடிச்சிட்டா கொக்கி கட்டியிருக்கறத மாத்த வேணாம்."

"இருக்குதா அப்படி ஒரு வார்த்தை?"

"இருக்கும்ங்க."

"செவ்வாக்கெழம வரைக்கும் தேடு. நாலு எழுத்து. நடுவுல மொட்டு அட்டை சரியா இருக்குது, அதுல கை வெக்காத. வார்த்தை நல்ல வார்த்தையா இருக்கணும். இல்லன்னா புதன்கெழம தறி வண்டி ஏறிடும்."

இருக்கும் என்று எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

6 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை

மாலை வகுப்பில் அமலி டீச்சரிடம் ஆங்கிலம்-தமிழ் அகராதியை இரவல் வாங்கிக்கொண்டேன். "பக்கத்த மடிக்காத, எச்சி தொட்டுத் திருப்பாத," என்று இரண்டு முறை சொன்னார். அவரும் பகலெல்லாம் மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு வருகிறவர். குரல் கம்மிப் போயிருந்தது. தினமும் பத்து வரி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னதும் அவர்தான். ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிறேன், மூன்றாவது வரியில் தமிழுக்கு வந்துவிடுகிறேன். இப்போதெல்லாம் ஆரம்பிப்பதே இல்லை.

வீட்டில் இருபத்தாறு எழுத்தையும் பெரிதாக எழுதி, முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.

"கண்ணாடிய பார்த்துகினு சிங்காரிக்கறவன பார்த்திருக்கேன், எழுதறவன இப்பதான் பார்க்கறேன்," என்றார் அம்மா.

மாறாமல் தெரிந்த எழுத்துகளைக் குறித்துக்கொண்டேன். பி, சி, ஈ, கே, ஐ, ஓ, எக்ஸ் எல்லாம் இருந்தன. அகராதியைத் திறந்ததும் நாலு எழுத்தில் புக் கிடைத்தது. பைக் கிடைத்தது. பி பக்கங்கள் முடிந்து சி பக்கங்களுக்குப் போனேன். தாள் நிறைந்தது. இவ்வளவு சுலபமா என்று சந்தேகம் வந்தது. எனக்குச் சுலபமாக வருவது எதுவும் சரியாக இருந்ததில்லை.

பிறகு ஈயைப் பார்த்தேன். புடவையில் திரும்பி நின்ற எழுத்தே ஈதான். என் கண்ணாடியில் அது எப்படி ஒழுங்காக நிற்கும்? கண்ணாடியை நான் எழுத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். வலது கரைக்குப் பக்கத்தில்தானே இடது கரை.

பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மிஞ்சியவை: ஏ, ஹெச், ஐ, எம், ஓ, டி, யு, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய். அவ்வளவுதான். எழுதிய தாளை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், அடுப்புக்கு.

7 ஆகஸ்ட், சனிக்கிழமை

கடைக்குப் போகும் வழியில் தசரதன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். போக வேண்டும் என்று தோன்றியது. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தறி நின்றிருந்தது. பாவின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். அண்ணன் மனைவி ரேணுகாம்பாள் அக்கா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாப்பா வெள்ள சட்ட," என்றார்.

நான் அன்றைக்குச் சட்டைக்காகத்தான் குனியவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அன்று வெள்ளைச் சட்டையில் வந்தேன், அதனால் அப்படிக் கூப்பிடுகிறார். இருந்தாலும் உட்கார முடியவில்லை.

"வார்த்தை தேடிகினு இருக்கேங்க்கா. கெடைச்சிடும்."

"இன்னாத்துக்கு வார்த்தை? அங்க நாலு மாங்காய போட்டா ஆவாதா?"

"இங்கிலீஷ் எழுத்து இருந்தாதான் கடைக்காரர் எடுப்பாராம். மாங்கா போட்ட புடவ அவர்கிட்ட நெறைய கெடக்குதாம்."

"கட்டிகினு போறவ பொண்ணா, பள்ளிக்கூடத்துப் பலகையா?"

உள்ளேயிருந்து அண்ணன் இருமினார். அவர் முன்பு களம்பூரில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். தவிட்டுத் தூசி நெஞ்சில் ஏறி, மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் தறிக்கு வந்தார். தறி போனால் மறுபடி ஆலைதான். அவர் அதைச் சொல்லவில்லை. அக்கா சொன்னார்.

"மில்லுல போயி கேட்டுட்டு வந்துட்டாரு நேத்தே. வேல இருக்குதாம். வாடான்றாங்களாம். அங்கதான் எப்பவும் வேல இருக்குமே. ஆள்தான் இருக்க மாட்டாங்க."

"ரேணு, சும்மா இரு," என்று அண்ணன் வெளியே வந்தார். "தம்பி, ஒண்ணு கேக்கறேன். நீ புதுசா தர்ற அட்டை, அதே மொட்டுக்கு அப்பறம் வரணும். மொட்டுக்கு நான் ஜரிகை மாத்தறேன். அது மட்டும் பார்த்துக்கோ."

சரி என்றேன். நெய்யப் போகிறோம் என்ற எண்ணத்தில்தான் அவர் பேசினார்.

8 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

நாள் முழுக்க அகராதி. தாவிப் பார்த்தால் விட்டுப்போகும் என்று வரிசையாகப் போகிறேன். ஏ பக்கங்கள் முடிந்தன, ஹெச், ஐ, எம், ஓ முடிந்தன. ஒவ்வொரு சொல்லிலும் ஒரு எழுத்து வந்து கெடுக்கிறது. நல்ல சொல்லாக வருகிறதே என்று விரலை ஓட்டினால் கடைசியில் ஒரு ஈ நிற்கிறது, அல்லது ஆர், அல்லது எஸ். ஆங்கிலத்தில் ஈ இல்லாத நல்ல காரியமே இல்லை போலிருக்கிறது. வீடு என்ற சொல்லில் ஈ. நம்பிக்கை என்ற சொல்லில் ஈ. மனைவிக்கும் ஈ.

சாயங்காலம் கிடைத்ததை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். பொன்னுசாமி அண்ணனும் வந்தார்.

"மொத வார்த்தை?" என்றார் முதலாளி.

"ஆட்டம்ங்க. ஏ, டி, ஓ, எம். அணுன்னு அர்த்தம்."

"குண்டு போடறாங்களே, அதா?"

"ஆமாங்க."

"அடுத்தது."

"எம், ஓ, டி, ஹெச். அந்துப்பூச்சி."

முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பட்டுப் பொடவைல பூச்சின்னு எழுதலாம்ன்றியா? உன்ன யாராவது காசு குடுத்து அனுப்பிச்சாங்களா?"

"அர்த்தம் நல்லாயில்லதாங்க. வரிசைல வந்துது, எழுதிகினேன்."

"ஆட்டோ இருக்குதே இதுல," என்றார் பொன்னுசாமி அண்ணன், தாளை எட்டிப் பார்த்து. ஆட்டோ என்று நான் தமிழிலும் எழுதி வைத்திருந்தேன். "இது எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தையாச்சே."

"தெரிஞ்ச வார்த்தைதான். பொண்ணு மண்டபத்துல நின்னா எவனாவது எங்க போவணும்னு கேப்பான்," என்றார் முதலாளி.

பிறகு பொன்னுசாமி அண்ணன், "நான் ஒண்ணு சொல்றேன். இவன் சொன்ன எழுத்துல ஓவும் இருக்குது, எம்மும் இருக்குது. ஓம் ஓம்னு ரெண்டு வாட்டி போட்டா நாலு எழுத்து ஆச்சி. கல்யாணத்துக்கும் மங்களமா இருக்கும்," என்றார்.

எனக்கு மனம் துள்ளியது. நான் ஏன் இதை யோசிக்கவில்லை?

முதலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "கரை எங்கய்யா வரும்? கால்ல வரும். தெருப்புழுதில பொரளும், செருப்புல மாட்டும். அங்க போயி ஓம்முன்னு போடுவியா? படவேட்டம்மா கண்ண குத்திடுவா. எந்தக் கடைக்காரன் எடுத்தாலும் நான் நெய்ய வுட மாட்டேன்."

"ஆமாம், தப்புதான்," என்று பொன்னுசாமி அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதே காரணத்துக்காக நான் அடுத்து வைத்திருந்ததும் போயிற்று. ஏ, எம், எம், ஏ. அம்மா. இது ஆங்கிலமே இல்லையே என்று நான்தான் முதலில் சொன்னேன். முதலாளி, "சாமியும் அம்மாதான், பெத்தவளும் அம்மாதான். ரெண்டு பேரையும் கால்ல போடக் கூடாது. அதும் இல்லாம, தாலி கட்டறதுக்கு முன்னாடியே பொண்ண அம்மான்னு போட்டா மாப்ள வீட்ல இன்னா நெனப்பாங்க?" என்றார்.

தாளில் ஒன்றுதான் மிஞ்சியது. ஓ, ஏ, டி, ஹெச். சத்தியம், உறுதிமொழி என்று போட்டிருக்கிறது.

"இது பரவால்ல," என்றார் முதலாளி. "கல்யாணத்துல சத்தியம் பண்றதுதானே. செவ்வாக்கெழம கடைக்காரனுக்கு டிரங்க் கால் போடறேன். நீ வந்து பேசு. எனக்கு இந்த எழுத்தெல்லாம் சொல்ல வராது."

போன முறை சொல் கடைக்காரருடையது, எழுத்து என்னுடையது. இந்த முறை இரண்டும் என்னுடையது.

9 ஆகஸ்ட், திங்கட்கிழமை

ஒரு சொல்லை மட்டும் நம்பிப் போகக் கூடாது என்று கடையில் சாப்பாட்டு நேரத்திலும் தேடினேன். டி, யு, வி முடிந்தன. டபிள்யூ பாதி. டாக்ஸி கிடைத்தது. அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் இறந்தகாலம் எழுதிக்கொண்டிருந்தார். நான் என்னையறியாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இன்னா ஜெயவேல், ஜெபமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கத்தில் உட்காரும் மைக்கேல்ராஜ் என் தாளை இழுத்துப் பார்த்தான். அவன் சேத்துப்பட்டு பஸ்ஸில் கண்டக்டருக்கு உதவியாக இருக்கிறான், என்னைப் போலவே ஆங்கிலத்தில் தவறியவன். "டேய், இதுல ஒரு வார்த்தைகூட பரீட்சைல வராதுடா. அந்துப்பூச்சியப் பத்திக் கட்டுரையா கேப்பான்?" என்றான்.

அவன் சொல்வது சரி. அக்டோபர் பரீட்சைக்கு நான் படித்திருக்க வேண்டிய நாட்கள் இவை. இறந்தகாலம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எந்தச் சொல்லில் ஈ இல்லை என்று கேட்டால் சொல்கிறேன்.

கண் எரிகிறது. டபிள்யூவில் மீதியும் கடைசியில் ஒய்யும் இருக்கின்றன. ஒய் இரண்டு பக்கம்கூட இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அகராதியை மூடிவிட்டேன்.

10 ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

டிரங்க் காலைக் காலையிலேயே பதிவு செய்துவிட்டார் முதலாளி. அழைப்பு கிடைக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டதால், பொன்னுசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். அகராதியை எடுத்து வரவில்லை. மழை வரும் போல இருந்தது, இரவல் புத்தகம் நனைந்துவிடும்.

தசரதன் அண்ணன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் கயிறும் மடித்த கோணியும் வைத்துக்கொண்டு இன்னொருவர். ஐம்பது வயது இருக்கும். யார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"சந்தவாசல்லேர்ந்து வரேன் தம்பி. அய்யாக்கண்ணு. தறி விஷயமா மொதலாளி இன்னைக்குத் தெரியும்னாரு. தெரிஞ்சா ஒரேடியா கட்டி எடுத்துகினு போயிடலாம்னு வந்தேன்."

"இவருதான் நெய்யறவரு," என்று அண்ணனைக் காட்டினேன்.

"தெரியும். வரும்போதே பேசிகினோம்." அவர் தலை குனிந்துகொண்டார். "எனக்கு வர்றதுன்னா இவுருக்குப் போறது. இன்னா பண்றது. நாலு மாசமா கூலிக்கு ஊர் ஊரா சுத்திகினு இருக்கேன். வீட்டோட ஒரு தறி இருந்தா தேவல."

"தறி நல்ல தறி," என்றார் தசரதன் அண்ணன். "மிதிக்கட்டை ஒண்ணு மட்டும் கொஞ்சம் தூக்கி அடிக்கும். சொல்லித் தரேன்."

இருவரும் மிதிக்கட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. இதுவரை நான் ஒருவரைத்தான் நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். சொல் கிடைத்தால் அய்யாக்கண்ணுவுக்குத் தறி இல்லை, கிடைக்காவிட்டால் தசரதன் அண்ணனுக்கு இல்லை. அகராதியில் இதற்கு ஒரு பக்கமும் கிடையாது.

மத்தியானத்துக்கு மேல் மணி அடித்தது. முதலாளி எடுத்து, "வணக்கம்ங்க, வணக்கம்ங்க" என்று கத்திவிட்டு என் கையில் கொடுத்தார். நான் போனில் பேசுவது இதுதான் முதல் முறை. எந்தப் பக்கம் காதில் வைப்பது என்று தெரியவில்லை; முதலாளி திருப்பிக் கொடுத்தார்.

"சார், அட்டை குத்தற ஜெயவேல் பேசறேங்க. ரெண்டு கரைலயும் ஒரே மாதிரி வர்ற வார்த்தை ஒண்ணு இருக்குதுங்க. ஓ, ஏ, டி, ஹெச்."

"மறுபடி சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கம் எழுதிக்கொள்வது தெரிந்தது. பிறகு, "ஏம்ப்பா, இது கோர்ட்டுல கூண்டுல ஏறிச் சொல்றதாச்சே? கல்யாணத்து அன்னைக்கே கோர்ட்டா? வாங்கறவங்க எங்க மூஞ்சிலயே விட்டெறிவாங்க. வேற?"

"வேற... ஆட்டோ இருக்குதுங்க."

"என்னது?"

"இல்லீங்க, வேணாங்க."

"வேற இல்லியா?"

தாளைப் பார்த்தேன். அடித்தது, அடித்தது, அடித்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். வாசலில் மிதிக்கட்டைப் பேச்சு நின்றுவிட்டது. இடையில் டெலிபோன்காரப் பெண் வந்து நேரம் ஆகிவிட்டது, நீட்டிக்கவா என்று கேட்டாள். கடைக்காரர் நீட்டிக்கச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"நல்லா மாட்டினேன்பா உங்ககிட்ட. ஐ லவ் யூல லவ் போச்சு. அந்த யூவாவது தேறுமா, அதுவும் திரும்பிக்குமா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் வரிசையாகப் பார்த்தேன். ஒய் இருக்கிறது. ஓ இருக்கிறது. யு இருக்கிறது. மறுபடி பார்த்தேன்.

"திரும்பாதுங்க சார்," என்றேன். "மூணு எழுத்துமே திரும்பாது."

"நெஜமாவா?"

"நெஜமாங்க. ஆனா மூணு எழுத்துதான். நாலாவது எடத்துல ஒரு மொட்டு வெச்சிட்டா அளவு சரியா வந்துடும்."

முதலாளியைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். மொட்டில் கை வைக்காதே என்றிருந்தார். கடைக்காரர் பக்கத்தில் இருந்த யாரிடமோ கேட்டார். பிறகு சொன்னார்: "யூன்னா சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். நல்லாத்தான் இருக்கு. மத்த ரெண்டையும் அப்படியே போடச் சொல்லு. முகூர்த்தத்துக்கு முன்னாடி வந்துடணும்."

போனை வைத்ததும் முதலாளி கேட்டார்: "இவ்ளோதானா? மூணு எழுத்தா? இது உன் புக்குல இல்லியா?"

"இருக்குதுங்க. கடைசிப் பக்கம். நான் இன்னும் அங்க போவல."

என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு உள்ளே போனார். அது கோபமா இல்லையா என்று தெரியவில்லை. இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். வகுப்பில் சேர்ந்த அன்று முதல் வரியாகப் படித்தது ஐ, யூ, ஹீ. நாலு எழுத்துச் சொல்லாக மட்டும் தேடியதால், ஒய் பக்கத்துக்கு நேற்றே போயிருந்தாலும் அதைத் தாண்டித்தான் போயிருப்பேன் என்று தோன்றுகிறது.

வாசலில் அய்யாக்கண்ணு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும் தம்பி," என்றார், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே. "சந்தவாசல் வழியா போற படவேடு பஸ்ஸு இப்ப இருக்குமா?"

"வாங்க, நான் ஏத்தி வுடறேன். ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்," என்று தசரதன் அண்ணன் கோணியை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். பின்னாலிருந்து பார்த்தால் யாருக்குத் தறி கிடைத்தது என்று சொல்ல முடியாது.

மழை வருவதற்குள் ரேணுகாம்பாள் அக்காவிடம் போய்ச் சொன்னேன். தறியின் மேலிருந்த வேட்டியை எடுத்து உதறி மடித்தார்.

"இன்னா அர்த்தம் அதுக்கு?"

"நீன்னு அர்த்தம்க்கா."

"மரியாதையா, நீங்கன்னு சொல்லணும்னா?"

"அதுக்கும் அதே வார்த்தைதான்."

"அப்ப மாமியாக்காரிக்கும் அதுவேதானா? நல்ல ஊருப்பா அவங்களுது." சிரித்தார். பிறகு, "அந்த சந்தவாசல்காரரு சாப்ட்டாரா?" என்றார்.

தெரியவில்லை என்றேன்.

வகுப்புக்குப் போகவில்லை. படுத்தால் தூங்கிவிடுவேன் என்று உட்கார்ந்தே எழுதுகிறேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிகிறது. உடம்பில் அதற்கு இடமில்லை.

நாளை: காலையில் கடைக்குப் போனதும் பழைய அட்டை மாலையிலிருந்து ஓ அட்டைகளைப் பிரித்து எடுத்து வைக்க வேண்டும். ஒய், யு இரண்டையும் கட்டத்தாளில் வரைந்து பொன்னுசாமி அண்ணனிடம் காட்டிவிட்டுக் குத்த வேண்டும். நாலாவது இடத்துக்கு ஒரு மொட்டு அதிகமாகக் குத்த வேண்டும். மாலையைக் கோத்துச் சாயங்காலத்துக்குள் தசரதன் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். பிறகு வகுப்பு. இறந்தகாலம்.